ஓடுவது யார்?

கல்கத்தாத் துறைமுகத்தின் கிடர்பூர் டாக்கில் எனக்குச் சம்பளம் கொடுப்பதே சந்தேகப்படுவதற்குத்தான். கன்டெய்னர் கதவில் ஒட்டியிருக்கிற காகிதம் உள்ளே பீங்கான் சாமான் என்று சொன்னால், அது பீங்கான் சாமானாகவே இருக்கலாம். ஆனாலும் நான் திறந்து பார்க்க வேண்டும். "கஸ்டம்ஸ்காரியைக் கட்டிக்கிட்டேன், வீட்டு உப்பு டப்பாவைக்கூட ரெண்டு தடவை திறந்து பார்க்கறா" என்று என் கணவர் சிவராமகிருஷ்ணன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நானும் கூடச் சிரிப்பேன். இந்தத் துர்கா பூஜை வரைக்கும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் டிரம்ஸ் வாசிக்கிறேன். எங்கள் பாண்டில் நான்கு பேர். பெயர் லோட்ஷெடிங், கரண்ட் போவதை கல்கத்தாவில் அப்படித்தான் சொல்வார்கள். கிட்டார் வாசிக்கிற வருண்தான் எங்களுக்குத் தலைவன் மாதிரி. துறைமுக வேலைக்கு வந்த தமிழ் அப்பாவுக்கு பாலிகஞ்சில் பிறந்தவன். பாடுகிறவள் மேக்னா, தமிழ் வரிகளை பெங்காலி எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு அட்சரம் பிசகாமல் பாடிவிடுவாள். பேஸ் கிட்டார் என் கணவர். சிவராமகிருஷ்ணன் என்கிற நீளம் இந்த ஊர் வாயில் நுழையாததால் எல்லோருக்கும் அவர் ஷிபுதா. நான் பூர்ணிமாதி. தா என்றால் அண்ணன், தி என்றால் அக்கா.

பூஜையில் ஷஷ்டியன்று ஒரு பந்தலில் வாசித்தோம். யாரோ எடுத்த வீடியோவை வருண் எங்களுக்குப் போட்டுக் காட்டினான். எங்கள் பெரிய பாட்டில் இரண்டாம் சரணம் தாண்டியதும் மேக்னாவுக்கு மூச்சு வாங்குகிறது. கடைசிப் பல்லவியில் பாதி வார்த்தைகளைக் காணோம். பாட்டு தொடங்கியது ஒரு வேகம், முடிந்தது வேறு வேகம். வேகம் கூடினாலும் குறைந்தாலும் குற்றவாளி டிரம்ஸ்காரர்தான் என்பது எல்லா பாண்டிலும் உள்ள சட்டம், விசாரணையெல்லாம் கிடையாது. மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் கணவரும்தான் பார்த்தார்.

"பூர்ணிமாதி, கோவிச்சுக்காதீங்க. நீங்க ஓடறீங்க" என்றான் வருண்.

அவனே ஒரு ஆப் பற்றிச் சொன்னான். போனை ஸ்நேர் டிரம் பக்கத்தில் மாட்டிவைத்துவிட்டால் என் குச்சி விழுகிற ஒவ்வொரு அடியையும் அது கேட்கும். நிமிஷத்துக்கு எத்தனை அடி என்று திரையில் எண் ஓடும். பாட்டு முடிந்ததும் ஒரு கோடு போட்டுக் காட்டும். கோடு படுத்திருந்தால் வேகம் சரி. மேலே ஏறினால் நான் ஓடினேன் என்று அர்த்தம்.

"பாலிகஞ்ச் ஹவுசிங்ல பிஜயா சம்மிலனி ஷோ இருக்கு. அதுக்குள்ள கோடு நேரா வந்துடணும்" என்றான்.

பிஜயா சம்மிலனி என்பது பூஜை முடிந்த பிறகு ஒரு குடியிருப்புக்காரர்கள் எல்லோரும் கூடி, இனிப்புக் கொடுத்து, பாட்டுக் கேட்டுக் கலைகிற விழா. அந்தக் குடியிருப்பு பெரியது. இத்தனை பெரிய மேடை எங்களுக்கு இதுவரை கிடைத்ததில்லை.

"வரலேன்னா?"

"லேப்டாப்ல பீட் போட்டுடலாம். நீங்க பக்கத்துல நின்னு ஷேக்கர் ஆட்டலாம்."

வாரம் முழுக்க லாரிப் புகைக்கும் கிரேன் சத்தத்துக்கும் நடுவில் நிற்கிற எனக்கு, டாக்குரியா ரயில் பாதையை ஒட்டிய அந்தப் பிராக்டிஸ் ரூமும் அந்த டிரம் ஸ்டூலும்தான் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருப்பவை. அதிலிருந்து என்னை எழுப்பிவிட்டு ஒரு லேப்டாப்பை உட்கார வைப்பானாம். கையில் கிலுகிலுப்பையைக் கொடுத்து ஓரமாக நிறுத்துவானாம். நானும் பார்க்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

முதலில் ஆப்பைத்தான் சந்தேகப்பட்டேன். அந்த ரூமில் ரயில் போனால் சுவர் அதிரும். ரயில் சக்கரத்தையும் சேர்த்து எண்ணிவிடுகிறதோ என்று, குச்சியைக் கீழே வைத்துவிட்டு ஒரு லோக்கல் ரயில் முழுதாகப் போகும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண் அசையவில்லை. வீட்டில் ரப்பர் பேடை வைத்துக்கொண்டு அதே பாட்டைத் தனியாக வாசித்துப் பார்த்தேன். கோடு படுத்தபடியே கிடந்தது. மறுபடி வாசித்தேன், மறுபடியும் அப்படித்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான்கு பேருமாகச் சேர்ந்து வாசித்தால் இரண்டாம் சரணத்தில் கோடு எழுந்துவிடுகிறது. தொண்ணூற்றாறில் தொடங்கியது நூற்றுநாலில் போய் நிற்கிறது.

"டென்ஷன்தான் பூர்ணி. வேற ஒண்ணும் இல்ல" என்றார் சிவா. என் போனில் அந்த ஆப்பை ஏற்றிக்கொடுத்ததே அவர்தான், அதுவும் காசு கட்டி. "கை இறுகிப்போகுது உனக்கு. அந்த எடம் வரதுக்கு முன்னாடி நல்லா மூச்சை இழுத்து விடு. தோளைத் தளர்த்திக்கோ."

நல்ல காபி கலந்து கொடுத்தபடிதான் இதைச் சொன்னார். நானும் நம்பித் தோளைத் தளர்த்தினேன், மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். கோடு எழுந்தபடிதான் இருந்தது.

டாக்கில் ஒரு விஷயம் பழகியிருக்கிறது. "திறந்து பாருங்க மேடம், தாராளமா பாருங்க" என்று தானாக முன்வந்து முன் வரிசைப் பெட்டியைப் பிரித்துக் காட்டுகிற ஏஜென்ட் இருக்கிறானே, அவன் கன்டெய்னரில் பின்வரிசையைத்தான் முதலில் பார்ப்போம். அவன் யோக்கியனாகவும் இருக்கலாம். பல பேர் யோக்கியர்கள்தான். ஆனால் அத்தனை தாராளம் ஏன் என்று ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துவிடும். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்விதான் வந்து உட்கார்ந்தது. ச்சீ, கட்டின புருஷனைப் போய் என்று அதை விரட்டிவிட்டேன்.

அதனால் வருணைச் சந்தேகப்பட்டேன். லேப்டாப் வந்தால் அவனுக்குச் சௌகரியம். டிரம்ஸ் தூக்க வண்டி வேண்டாம், என் வாய்க்குப் பதில் சொல்ல வேண்டாம். மேக்னாவையும் விடவில்லை. சரணத்தில் அரை மாத்திரை முன்னால் எடுக்கிறாளோ, அது என்னைத் தள்ளுகிறதோ என்று அவள் உதட்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டு வாசித்தேன். அந்தப் பெண் பயந்துபோய் "கீ ஹோலோ, பூர்ணிமாதி? என்ன ஆச்சு? என்ன தப்பு பண்ணேன்?" என்று பாதியில் நிறுத்திவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சந்தேகம் முழுதாகப் போகவில்லை.

எடை மேடையில் ஒரு லாரி நிற்கிறது, எடை இடிக்கிறது என்று வையுங்கள். உடனே சரக்கின் மேல் பழி போடக்கூடாது. காலி லாரியை எடை போட வேண்டும். பிறகு ஏற்றின லாரியை எடை போட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் சரக்கு. எனக்குத் தெரிந்த ஒரே விசாரணை முறை இதுதான், அதையே செய்தேன். ஒரு வாரம் வருண் லேட். அவன் இல்லாமல் வாசித்துப் பார்த்தோம், கோடு எழுந்தது. சரி, வருண் இல்லை. அவன் வருவதற்குள் மேக்னாவும் வீட்டிலிருந்து போன் வந்து வெளியே போனாள். "சும்மா நிப்பானேன், வாங்க, நாம ரெண்டு பேரும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்றேன் சிவாவிடம். டிரம்ஸும் பேஸும் மட்டும். கோடு எழுந்தது, வழக்கமான இடத்தில், வழக்கமான அளவுக்கு.

அடுத்த பிராக்டிஸுக்கு சிவா வரவில்லை. அவருடைய இன்சூரன்ஸ் ஆபீசில் ஆடிட். நான், வருண், மேக்னா மூன்று பேரும் வாசித்தோம். முடித்ததும் வருண் போனை எடுத்துப் பார்த்தான். கோடு மைதானம் மாதிரி தட்டையாகக் கிடந்தது.

"பிரமாதம், பூர்ணிமாதி! பிராக்டிஸ் பண்ணது வேலை செய்யுது பாருங்க!" என்று கை கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து பழைய ரெக்கார்டிங்கை ஹெட்போனில் கேட்டேன். இரண்டாம் சரணத்தில் பேஸ் முதலில் விழுகிறது. ஒரு மயிரிழை கழித்து என் கால் கிக் டிரம்மை அமுக்குகிறது. அடுத்த அடியில் நான் அவரைப் பிடித்துவிடுகிறேன். அவர் மறுபடி ஒரு மயிரிழை முன்னால் போகிறார், நான் மறுபடி பிடிக்கிறேன். இப்படியே கடைசி வரைக்கும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நாங்கள் சேர்ந்து வாசிக்கிறவர்கள். அவர் நகர்ந்தால் நகர்வது என் காலுக்குப் பழகிவிட்டது. என்னை அது கேட்டுக்கொள்வதுகூட இல்லை.

வருணுக்கு அப்போதே போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. சிவா என் டிரான்ஸ்ஃபருக்காகத் தன் ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி மாற்றல் வாங்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவர். மொழி வராமல், மீன் வாசனை பிடிக்காமல், ஆபீசில் தனியாக டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷன், மேடையில் நின்று "ஷிபுதா! ஷிபுதா!" என்று நாலு பேர் கத்தியதும்தான் இந்த ஊர்க்காரர் ஆனார். அதை எடுத்துவிட எனக்கு மனசு வரவில்லை. அதோடு, வேகம் ஓடுவது ஒரு குற்றமா? யாருக்கும் ஓடும். எடை தவறினால் டாக்கில் அபராதத்தோடு போய்விடும். தெரிந்தே மறைத்தால்தான் அது வேறு கேஸ். ஓடுவது அவர் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அது அவருக்குத் தெரியுமா, தெரிந்துகொண்டேதான் என்னைத் தோளைத் தளர்த்தச் சொன்னாரா என்பதுதான் என்னைத் தின்றது.

அன்றிலிருந்து வீட்டில் நான் வேவு பார்க்கிறவள் ஆனேன். அவர் உள் அறையில் ஹெட்போன் போட்டுக்கொண்டு பேஸ் பழகுவார். காய் நறுக்குகிற சாக்கில் கதவருகே நின்று கேட்டேன். தந்தி விரலில் படும் சத்தம் மட்டும் டப் டப்பென்று கேட்கும். அந்தப் பாட்டு முழுதையும் அவர் வாசிக்கவில்லை. இரண்டாம் சரணத்துக்கு வருகிற இடத்தை மட்டும், திரும்பத் திரும்ப.

"அந்த எடத்தையே ஏன் போட்டுத் தேய்க்கிறீங்க?"

"சும்மா. விரல் பழகத்தான்."

"அங்கதானே நான் ஓடறேன்?"

"ஆமா" என்றார், முகத்தைப் பார்க்காமல். "நீ ஓடினா நான் சமாளிக்கணும்ல?"

பதில் டக்கென்று வந்தது. அத்தனை சுத்தமான பதிலைக் கேட்டால் ஆபீசில் நான் இன்னொரு பெட்டியைத் திறக்கச் சொல்வேன். இங்கே எந்தப் பெட்டியைத் திறக்க? அந்த ஆப் என் அடியை எண்ணும். அவர் மனசில் இருப்பதை எண்ணாது. உண்மையாகவே நான்தான் ஓடுகிறேன் என்று நம்புகிறாரோ என்னவோ. அப்படியிருந்தால் சந்தேகப்படுகிற நான்தான் பாவி. ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்கு அப்பளம் கூட ஒன்று வைத்தேன்; வைத்துவிட்டு, எதற்கு வைத்தேன் என்று என் மேலேயே கோபப்பட்டேன்.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் கடைசிப் பிராக்டிஸ். வருண் லேப்டாப்பை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் திறந்தே வைத்திருந்தான். "நாலு பேரும் சேர்ந்து வாசிச்சுக் கோடு நேரா வரணும், பூர்ணிமாதி. இல்லேன்னா வேற வழி இல்ல" என்றான். சிவா தன் தந்திகளைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

என் ஸ்டூல் போகிறதா இருக்கிறதா என்பது அந்த ஒரு பாட்டில் இருந்தது. ஒரே ஒரு முடிவோடுதான் உட்கார்ந்தேன். இன்றைக்கு யார் பின்னாலும் போவதில்லை.

முதல் சரணம் சுகமாகப் போனது. இரண்டாவதில் அந்த இடம் வந்தது. பேஸ் ஒரு மயிரிழை முன்னால் விழுந்தது. என் கால் தானாகக் கிளம்பியது. கண்ணைத் திரையில் இருந்த எண்ணின் மேல் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு காலை அடக்கினேன். இத்தனை வருஷப் பழக்கத்தை அடக்குவது லேசாக இல்லை. அவர் இன்னும் முன்னால் போனார். நான் போகவில்லை. இன்னும் போனார். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். பேஸ் ஒரு பக்கமும் டிரம்ஸ் ஒரு பக்கமுமாகப் பாட்டு பிளந்துவிட்டது. யாரோடு போவது என்று தெரியாமல் மேக்னா பாடுவதை நிறுத்தினாள்.

"பூர்ணிமா வேகத்தைக் குறைச்சு இழுக்கறா" என்றார் சிவா. பாட்டு நின்று ஒரு வினாடிகூட ஆகவில்லை.

வருண் போனை எடுத்தான். பார்த்தான். எங்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திருப்பிக் காட்டினான். கோடு படுத்திருந்தது.

"ஆரேக்பார்" என்றான். இன்னொரு தடவை வாசித்தோம். அதே இடத்தில் அதே மாதிரி பிளந்தது. கோடு எழுந்திருக்கவில்லை. மூன்றாவது தடவை வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மேக்னா தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

வருண் என்னை வெளியே கூப்பிட்டான். படிக்கட்டில் நின்று மெதுவாகப் பேசினான். "ஸாரி பூர்ணிமாதி. நான் உங்களைத் தப்பாச் சொல்லிட்டேன். இப்ப என்ன பண்ணலாம்? ஷிபுதாவோட பார்ட்டை லேப்டாப்ல போட்டுடலாம். இல்ல, நீங்க அவரோட சேர்ந்து வாசிச்சுச் சமாளிக்கறேன்னா, மேக்னா எப்படியாவது மூச்சைப் பிடிச்சுப் பாடிடுவா. நீங்களே முடிவு பண்ணிச் சாயங்காலத்துக்குள்ள போன் பண்ணுங்க. நான் எப்படி அவர்கிட்ட சொல்றது?"

நானும் சிவாவும் ஏரிக்கரை வழியாக நடந்து வீட்டுக்குத் திரும்பினோம். பேஸ் உறை அவர் தோளில் தொங்கியது. தலை தொங்கியிருந்தது. பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஜெயித்தேன் என்கிற சந்தோஷம் துளிகூட இல்லை. பாவம், மனுஷனுக்குத் தெரியாது, உண்மையாகவே நான் இழுக்கிறேன் என்று நினைத்துத்தான் சொல்லியிருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குப் போனதும் வருணுக்குப் போன் செய்து, லேப்டாப் வேண்டாம், அவர் ஓடினால் நானும் கூடவே ஓடுகிறேன், யார் கேட்டாலும் பழி என்னுடையது என்று சொல்லிவிட வேண்டும். வார்த்தைகளைக்கூடச் சேர்த்துவைத்துவிட்டேன்.

படகுக் கிளப் தாண்டி ஒரு மரத்தடியில் அவர் நின்றார்.

"இன்னிக்கு உனக்கு என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு?"

"அந்த எடத்துல நீ வரவே இல்லையே" என்றார். குரலில் நிஜமாகவே மனத்தாங்கல் இருந்தது. "நான் கொஞ்சம் முன்னாடி போனா எப்பவும் நீ வந்து பிடிச்சுடுவே. அதை நம்பித்தானே பூர்ணி நான் வாசிக்கறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

"எப்பவும்னா?" என்றேன். "எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"இல்ல பூர்ணி, அது..."

"பந்தல் வீடியோ பார்த்தப்போ தெரியுமா?"

அவர் ஏரியைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"ஆப் ஏத்திக் கொடுத்தப்போ?"

"உன்னை அனுப்பமாட்டாங்கன்னு நெனச்சேன். ரெண்டு வார்த்தை சொல்லிட்டு விட்டுடுவாங்க. என்னைன்னா உடனே அனுப்பிடுவாங்க. பாஷை வேற சரியா வராது எனக்கு. அதுக்குள்ள வீட்டுல பழகிச் சரி பண்ணிடலாம்னு பார்த்தேன்."

"என் எடத்துல லேப்டாப் வைக்கறேன்னு அவன் சொன்னானே. பக்கத்துலதானே இருந்தீங்க? அப்பவாவது?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"இன்னிக்கு? நான் இழுக்கறேன்னு சொன்னது யாரு?"

அவரிடம் இருந்த சுத்தமான பதில்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. எனக்கு அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. இவருக்காகக் கதவோரத்தில் நின்று நான் பட்ட வெட்கமும், இவரைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று கூட வைத்த அப்பளமும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. நான் இவர் பின்னால் ஓடியது எனக்கே தெரியாமல். என்னை ஓடவிட்டது இவருக்குத் தெரிந்தே.

கைப்பையிலிருந்து போனை எடுத்து வருணைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"சொல்லுங்க பூர்ணிமாதி. ஷிபுதா வாசிக்கறாரா?"

"இல்ல. அவர் பார்ட்டை லேப்டாப்ல போட்டுடு."

"பூர்ணி" என்றார் சிவா. என் முழங்கையைத் தொட்டார். "பூர்ணி, ஒரு நிமிஷம்."

நான் நாளைக்கு எத்தனை மணிக்கு சவுண்ட் செக் என்று வருணிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.